மூடிய குழாய்க்கும் கணக்கு உண்டு

ஃபைலை மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அரசு நாற்காலியில் பத்து வருடம் உட்கார்ந்த எவருக்கும் இது தெரியும். ஆனால் தண்ணீர்க் குழாய் விஷயத்தில் மட்டும் நாம் இதை மறந்துவிடுகிறோம். "மூடிய சுற்று, சார். உள்ளே இருக்கிற தண்ணீர் உள்ளேயே சுற்றும். அதற்கு என்ன செலவு?" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடுகிறோம். அப்படித் தலையாட்டுவது எவ்வளவு செலவு பிடிக்கும் என்பதைப் பற்றி இன்று எழுதுகிறேன்.

குமாஸ்தாவுக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. குழாயைப் போடுவது எஞ்சினியர். அதற்கான பில்லைப் பார்ப்பது நாங்கள். எந்தக் கட்டடத்துக்கு எதை வாங்கினார்கள், எதை வாங்காமல் விட்டார்கள், பிறகு எதை இரண்டு மடங்காக வாங்கினார்கள் என்பதெல்லாம் எங்கள் மேஜை வழியாகத்தான் போகும்.

முதலில் மூடிய சுற்று என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். உங்கள் வீட்டுக் காரின் ரேடியேட்டர் ஒரு மூடிய சுற்று. எஞ்சினின் சூட்டை எடுத்துக்கொண்டு தண்ணீர் ரேடியேட்டருக்கு வரும். காற்றுப் பட்டு ஆறும். மறுபடி எஞ்சினுக்குப் போகும். பெரிய ஆஸ்பத்திரியிலும் பெரிய அலுவலகத்திலும் இருக்கும் மத்திய ஏ.சி.யும் இப்படித்தான். சில்லர் என்ற இயந்திரம் தண்ணீரை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் குளிர்விக்கும். பம்பு அந்தத் தண்ணீரை மாடி மாடியாகத் தள்ளும். அங்கங்கே உள்ள காயில்களில் அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு அது 12 டிகிரி அளவில் திரும்பி வரும். அதே தண்ணீர்தான் வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

மொட்டை மாடியில் புகை விடுவது போல நிற்கிறதே, அந்தக் கூலிங் டவர் வேறு. அது திறந்த சுற்று. அங்கே தண்ணீர் காற்றில் விழுந்து, கொஞ்சம் ஆவியாகி, கண்ணுக்குத் தெரியும்படி உப்பும் பாசியும் சேரும். கண்ணுக்குத் தெரிவதால் அதைக் கவனிக்க ஆள் உண்டு. மூடிய சுற்றோ சுவருக்குள்ளும் பொய்க்கூரைக்கு மேலும், ரப்பர் உறைக்குள் ஒளிந்திருக்கிறது. கண்ணில் படாத வியாதி முற்றித்தான் வெளியே வரும்.

இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்பதை நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தேன். எங்கள் பாடத்தில் லவுவாசியே வந்தார். 1780களில் அவரும் மெனியே என்ற ராணுவ எஞ்சினியரும் ஓர் இரும்புத் துப்பாக்கிக் குழலைப் பழுக்கக் காய்ச்சி, அதன் வழியாக நீராவியை விட்டார்கள். தண்ணீரில் இருந்த ஆக்சிஜன் இரும்போடு ஒட்டிக்கொண்டது. மறுமுனையில் பற்றி எரியக்கூடிய ஹைட்ரஜன் வெளியே வந்தது. இரும்பின் உட்புறம் கறுத்துப் போனது, எடையும் கூடியிருந்தது. தண்ணீர் ஒரு தனிப்பொருள் அல்ல, இரண்டு பொருள்களின் சேர்க்கை என்று உலகத்துக்குக் காட்டிய சோதனைகளில் அதுவும் ஒன்று. லவுவாசியேவுக்கு வேலை அரசனின் வரி வசூல். அந்தப் பாவத்துக்காகவே 1794 மே 8 அன்று கில்லட்டினில் தலை போனது. ரசாயனத்தை அவர் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி பார்த்தார். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, இரண்டும் சரியாக வருகிறதா? எனக்கு அவரைப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

அந்தக் கறுப்பைத்தான் இன்றைக்கு மூடிய குழாய்களில் பார்க்கிறோம். காற்று தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் இரும்பு செந்துருவாகும். காற்று குறைந்த இடத்தில், தண்ணீருக்குள்ளேயே, கறுப்புத் துருவாகும். மாக்னடைட் என்பார்கள். துப்பாக்கிக் குழலில் பெருஞ்சூட்டில் சில மணி நேரத்தில் நடந்தது, குழாயில் மெள்ள மெள்ள வருடக்கணக்கில் நடக்கிறது.

இப்போது லவுவாசியே வழியில் நாமும் ஒரு கணக்குப் போடுவோம். நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஒரு கட்டடத்தின் சுற்றில் 10,000 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், மொத்த ஆக்சிஜன் 80 கிராம். அது முழுதும் இரும்பைத் தின்றாலும் சுமார் 200 கிராம் இரும்புதான் போகும். அத்தனை பெரிய குழாய் வேலைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆக்சிஜன் தீர்ந்ததும் துருவும் ஏறத்தாழ அடங்கிவிடும். மூடிய சுற்றுக்குச் செலவு வேண்டாம் என்று சொல்கிறவர்களின் நியாயம் இதுதான். இதுவரை அவர்கள் கணக்கு சரி.

ஆனால் அந்தச் சுற்று உண்மையிலேயே மூடியிருக்க வேண்டுமே! பம்பு சீலில் சொட்டும். வால்வின் கழுத்தில் கசியும். ஸ்ட்ரெய்னரைக் கழற்றிக் கழுவும்போது சில வாளிகள் போகும். ஒரு மாடியில் காயிலை மாற்ற அந்த மாடித் தண்ணீரை முழுக்க இறக்குவார்கள். இறக்கியது எல்லாவற்றையும் மாடித் தொட்டியின் மிதவை வால்வு சத்தம் போடாமல் புதுத் தண்ணீரால் நிரப்பிவிடும். தினமும் 500 லிட்டர் இப்படிப் புதிதாகப் போகிறது என்று வையுங்கள். அதோடு 4 கிராம் ஆக்சிஜன் போகும். அது தின்னும் இரும்பு சுமார் 9 கிராம். வருடத்துக்கு 3 கிலோவுக்கு மேல்.

மூன்று கிலோ இரும்பும் குழாய் முழுவதும் சமமாகத் தேய்ந்தால் கவலை இல்லை. துருவுக்கு அந்த நியாயம் கிடையாது. வெல்டிங் செய்த இடம், மரை போட்ட இடம், அடியில் சேறு படிந்த இடம் என்று தேடிப் பிடித்து ஓரிடத்திலேயே குடையும். குழாயில் ஓட்டை விழ ஒரு கிராம் இரும்பு போனாலே போதும். நம் கடலோரத்துப் போர்த் தண்ணீரில் உப்பும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நான் கணக்குப் பிரிவில் இருந்த காலத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அந்தக் கட்டடத்தின் ஏ.சி. சுற்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரசாயனம் வாங்கினார்கள். சில ஆயிரம் ரூபாய் பில். தணிக்கைக்கு வந்தவர் ஒரு கேள்வி எழுதினார்: மூடிய சுற்றில் தண்ணீரே மாற்றப்படாதபோது, அதே தண்ணீருக்குத் திரும்பத் திரும்ப மருந்து எதற்கு?

கேள்வியில் தப்பே இல்லை. பதில்தான் யாரிடமும் இல்லை. தினமும் எவ்வளவு புதுத் தண்ணீர் போகிறது என்று காட்ட மீட்டர் கிடையாது. சுற்றில் மருந்து எந்த அளவில் நிற்கிறது என்பதற்குச் சோதனை ரிப்போர்ட் கிடையாது. ஒப்பந்தக்காரர் கேனை இறக்குவார், பில்லைக் கொடுப்பார், போய்விடுவார். சோதனை ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பதில் எழுதலாம் என்று நான் குறிப்பு வைத்தேன். ஃபைல் மேலே போய், ஓரத்தில் "பேசவும்" என்ற ஒற்றைச் சொல்லோடு இறங்கி வந்தது. பேசினோம். அடுத்த ஒப்பந்தத்தில் ரசாயனம் என்ற இனம் அடிக்கப்பட்டது. தணிக்கைப் பத்தி தீர்ந்தது. ஃபைல் மூடப்பட்டது.

அங்கே ஏ.சி. ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். அடுத்த வருடம் ஒருநாள் சோடா பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். காப்பி டிகாக்ஷன் மாதிரி கறுப்பு. "சார், இதைக் கொஞ்சம் பாருங்க சார்" என்று சொல்லி, பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தைப் பாட்டிலின் வெளிப்பக்கம் வைத்தார். உள்ளே இருந்த கறுப்புப் பொடி எறும்புக் கூட்டம் போல ஊர்ந்து வந்து காந்தத்துக்கு எதிரே ஒட்டிக்கொண்டது. "நம்ம பைப்பு சார் இது. தண்ணியில வருது" என்றார். அவருக்கு லவுவாசியே தெரியாது, விஷயம் தெரிந்திருந்தது. அவரை எஞ்சினியரிடம் அனுப்பினேன். எஞ்சினியரும் எழுதினார். நிதி இல்லை என்று பதில் வந்தது.

மூன்றாவது கோடையில் காயில்களில் ஊசி ஓட்டைகள். பொய்க்கூரையில் கறுப்புக் கறை. கோப்புகள் நனைந்தன. பிறகு காயில், குழாய், பம்பு எல்லாம் புதிதாக மாற்றப் பல லட்சத்துக்கு டெண்டர். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அந்தப் பல லட்சம் எவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்பதுதான். வருடா வருடம் ஆயிரங்கள் கேட்டால் "எதற்கு?" என்ற நிர்வாகம், ஒரே தடவையாக லட்சங்கள் கேட்டபோது "அவசரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. முன்னது பராமரிப்புத் தலைப்பு, பின்னது புதுச் சொத்துத் தலைப்பு. புதுச் சொத்துக்குத் திறப்பு விழா உண்டு. துருப்பிடிக்காமல் இருந்த குழாய்க்கு யார் விழா எடுப்பார்கள்?

அது அலுவலகம், கோப்பு நனைந்ததோடு போயிற்று. இதே சுற்று ஓர் ஆஸ்பத்திரியில் அறுவை அரங்குக்குக் குளிர் கொடுக்கிறது என்றால், காயில் ஓட்டையாகும் நாளில் ஆபரேஷன் தள்ளிப்போகும். நாளுக்காகக் காத்திருந்து, பட்டினியாகப் படுத்திருக்கும் நோயாளியைத் திருப்பி அனுப்புவார்கள். நம் வயதில் அந்தக் கட்டிலில் யார் இருப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மருந்து என்று சொல்கிறோமே, அது என்ன செய்கிறது? மூடிய சுற்றில் வெகுகாலமாகப் பழக்கத்தில் உள்ளது சோடியம் நைட்ரைட். அது இரும்பின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய, இறுக்கமான ஆக்சைடுப் படலத்தை உண்டாக்குகிறது. அந்தப் படலம் இருக்கும்வரை இரும்புக்குக் கவசம். தண்ணீர் புளிப்புப் பக்கம் போகாமல், பி.எச். 9, 10 என்ற அளவில் நிற்கப் போராக்ஸ் போன்ற உப்பு சேர்ப்பார்கள். செம்புக் காயிலைக் காக்க அசோல் வகை மருந்து ஒன்று. கிருமி சேராமலிருக்க இன்னொன்று. நைட்ரைட்டுக்குப் பதிலாகவோ துணையாகவோ மாலிப்டேட்டும் உண்டு. சுற்றில் அலுமினியம் இருந்தால் கதை மாறும். அலுமினியத்துக்கு அதிகக் காரம் ஆகாது, பி.எச்.சைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும். ஆகவே என்னென்ன உலோகம் உள்ளே இருக்கிறது என்று தெரியாமல் மருந்து ஊற்றக்கூடாது.

ஒரு காலத்தில் குரோமேட் போட்டார்கள். துருவைத் தடுப்பதில் அதற்கு நிகர் இல்லை என்றே சொன்னார்கள். ஆனால் அது மனிதனுக்குப் புற்றுநோய் தரக்கூடிய நஞ்சு. கட்டட ஏ.சி.க்கான கூலிங் டவர்களில் அதைப் போடக்கூடாது என்று அமெரிக்கா 1990இல் தடுத்தது. குழாய்க்கு நல்லது எல்லாம் நமக்கு நல்லது ஆகிவிடாது.

இந்த மருந்து விஷயத்தில் மிக முக்கியமான ஒன்றை நம் வயதுக்காரர்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். நைட்ரைட்டைச் சாதாரணமாக லிட்டருக்கு 500 முதல் 1,000 மில்லிகிராம் என்ற அளவில் வைப்பார்கள். இதைப் பாதியாக்கினால் பாதிப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நினைப்பது தவறு. அளவு மிகவும் குறைந்துவிட்டால் படலம் அங்கங்கே கிழியும். முழுதும் பரவ வேண்டிய அரிப்பு கிழிந்த இடத்திலேயே குவிந்து ஆழமாகக் குடையும். மருந்தே போடாத குழாயைவிட அரைகுறை மருந்து போட்ட குழாய் சீக்கிரம் ஓட்டையாவதும் உண்டு. மாத்திரை தீரும் வரையில் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுச் சிக்கனம் பிடிக்கும் சர்க்கரை நோயாளி கதைதான்.

அதோடு இன்னொரு தொல்லை. சில நுண்கிருமிகளுக்கு நைட்ரைட் சாப்பாடு. ஒரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும்; நைட்ரேட்டுக்குத் துருவைத் தடுக்கும் அந்தச் சக்தி இல்லை. ஊற்றிய மருந்து கசிவில் போனதா, கிருமி தின்றதா, ஊற்றவே இல்லையா என்பது தண்ணீரைப் பரிசோதித்தால்தான் தெரியும். கேனை எண்ணிப் பார்த்தால் தெரியாது. நம் அலுவலகங்களிலோ கேனைத்தான் எண்ணுகிறோம்.

நம் புதுவையில் பிரான்சில் உறவு இல்லாத தெரு குறைவு. அங்கே போய் வந்தவர்கள், குளிர்காலத்தில் சுவரோரம் சுடும் அந்த ரேடியேட்டர்களைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் மூடிய சுற்றுதான். இங்கே குளிர், அங்கே சூடு. மேல் பாதி சுட்டு, கீழ்ப் பாதி சில்லென்று இருந்தால் உள்ளே சேறு படிந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழுவி எடுக்கும் வேலைக்கு அவர்கள் 'தெஸாம்புவாஜ்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சில் சேற்றுக்குப் 'பூ' என்று பெயர். தமிழனுக்கு இது வேடிக்கைதான். ஆனால் ரேடியேட்டரில் பூத்தது அதே கறுப்பு மாக்னடைட். சில சமயம் ரேடியேட்டரின் தலையில் சேரும் காற்றைத் திறந்துவிட்டால் அதில் ஹைட்ரஜன் இருக்கும். துப்பாக்கிக் குழலின் மறுமுனையில் வந்த அதே வாயு. எரியக்கூடியது; பக்கத்தில் நெருப்பு வைக்கக்கூடாது.

இந்த இடத்தில் எதிர்க் கட்சியின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மனியில், சுற்று நன்றாக இறுகி இருந்து, உப்பு நீக்கிய தண்ணீரை நிரப்பி, காற்றே புகாதபடி அழுத்தத்தைச் சரியாக வைத்தால் மருந்து தேவையில்லை என்ற கட்சி பலமானது. அவர்களுடைய வி.டி.ஐ. 2035 என்ற வழிகாட்டி அந்த வழியில்தான் பேசுகிறது. மருந்து கடைசி வழி. முதல் வழி ஆக்சிஜனை உள்ளே விடாதது. எனக்கு இது முழு உடன்பாடு. கசியும் வாளியில் தேன் ஊற்றுவது புத்திசாலித்தனம் அல்ல.

ஆனால் அவர்கள் சொன்னதில் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் நம் வழக்கம். "ஜெர்மனியிலேயே மருந்து போடுவதில்லை" என்று சொல்லி மருந்தை நிறுத்துவோம். உப்பு நீக்கிய தண்ணீர், கசியாத பம்பு, சரியான அழுத்தத் தொட்டி, மாதாமாதம் பார்க்கும் மீட்டர் ஆகியவற்றை மட்டும் விட்டுவிடுவோம். மருந்து வேண்டாம் என்றால் அந்த ஒழுக்கம் வேண்டும். ஒழுக்கம் முடியாது என்றால் மருந்தாவது சரியான அளவில் வேண்டும். இரண்டும் இல்லாமல் "மூடிய சுற்று" என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

கட்டடம் எனக்கு எதற்கு, எனக்கு இருப்பது ஒரு சின்னக் கார் என்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கூலண்ட் என்பது தண்ணீர் உறையாமல் இருக்கப் போடுவது, அது குளிர் தேசத்துச் சமாச்சாரம், நம் ஊரில் என்ன உறையப் போகிறது என்று சொல்லி, டிரைவர்கள் தெருக் குழாயில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கூலண்டில் உறையாமல் காக்கும் கிளைக்கால் மட்டும் இல்லை. துருத் தடுப்பு மருந்தும் இருக்கிறது. நம் ஊருக்கு வேண்டியது அந்த இரண்டாவது பாகம். கிளைக்கால் கலந்தால் தண்ணீர் கொதிக்கும் சூடும் ஏறும். மே மாதத்தில் அதுவும் லாபம்.

அந்த மருந்தும் நாளாக நாளாகத் தீரும். பழைய வகைக் கூலண்ட் இரண்டு வருடம், புதிய வகை ஐந்து வருடம் அளவில் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் காரோடு வந்த புத்தகம் சொல்வதே சரியான கணக்கு. பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள். நிறம் சாயம்தான், உள்ளே உள்ள மருந்து வேறாக இருக்கலாம். ரேடியேட்டர் மூடியை எஞ்சின் சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். வடித்த கூலண்டைப் பேரப்பிள்ளையும் தெருநாயும் நெருங்கும் இடத்தில் வைக்கவேண்டாம்.

வடித்த தண்ணீர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பெரிய கட்டடத்தின் சுற்றைக் கழுவி இறக்கும்போது அந்தக் கறுப்புத் தண்ணீரையும் மருந்தையும் நேராக மழைநீர்க் கால்வாயில் விடுகிறார்கள். நம் பெரிய வாய்க்காலில் விட்டது கடலுக்குத்தான் போகும். அதேபோல், மருந்து கலந்த சுற்று குடிதண்ணீர்க் குழாயோடு நேரடியாகச் சேர்ந்திருக்கக்கூடாது. பின்னோக்கி வராதபடி தடுப்பு வேண்டும். நைட்ரைட் கலந்த தண்ணீர் கைக்குழந்தையின் உடம்பை நீலமாக்கும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும்.

இனி என் கோரிக்கைகள். ஓய்வு பெற்றவர்களில் பலர் இன்று ஏதாவது ஒரு கமிட்டியில் இருக்கிறோம். அடுக்குமாடிச் சங்கம், அறக்கட்டளை ஆஸ்பத்திரி, திருமண மண்டபம், பள்ளி நிர்வாகம். மத்திய ஏ.சி. உள்ள இடமாக இருந்தால் அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள்.

புதுத் தண்ணீர் போகும் குழாயில் மீட்டர் இருக்கிறதா? இல்லாவிட்டால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். மருந்தைவிட மலிவு. மாத முதல் தேதி எண்ணைக் குறித்தால் சுற்று மூடியதா, திறந்ததா என்று அந்த நோட்டே சொல்லிவிடும். எண் ஏறிக்கொண்டே போனால் முதலில் கசிவைத் தேடுங்கள், பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம்.

மாதாமாதம் தண்ணீர்ச் சோதனை நடக்கிறதா? பி.எச். எவ்வளவு, மருந்து எவ்வளவு நிற்கிறது, இரும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது, கிருமி உண்டா? ரிப்போர்ட் இணைக்காத பில்லுக்குப் பணம் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். சோதனையை மருந்து விற்பவரே செய்தால், வருடத்துக்கு ஒருமுறையாவது வேறொருவரிடமும் கொடுத்துப் பாருங்கள்.

கூப்பன் வைத்திருக்கிறார்களா? இது ரயில் கூப்பன் இல்லை. எடை போட்ட சின்ன இரும்புத் தகட்டைச் சுற்றுத் தண்ணீரில் இரண்டு மூன்று மாதம் வைத்து, எடுத்துக் கழுவி, மறுபடி எடை போடுவார்கள். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு வேகத்தில் உங்கள் குழாயும் போய்க்கொண்டிருக்கிறது. இதில் யாரும் வார்த்தை ஜாலம் செய்ய முடியாது. தராசு சொல்வதுதான் பதில்.

புதுக் கட்டடம் என்றால், ஒப்படைக்கும் முன்பே குழாயைக் கழுவி, உள்ளே கிடக்கும் வெல்டிங் கசடு, மணல், எண்ணெய் எல்லாவற்றையும் எடுத்து, உடனே மருந்து கலந்த தண்ணீரை நிரப்பினார்களா? அழுத்தச் சோதனைக்கு நிரப்பிய தண்ணீரை இறக்கிவிட்டு, ஈரக் குழாயை மாதக்கணக்கில் சும்மா போட்டுவைப்பது பலரும் செய்கிற காரியம். திறப்பு விழா நடப்பதற்கு முன்பே பாதித் துரு ஏறியிருக்கும்.

கடைசியாக, பட்ஜெட். தண்ணீர்ப் பராமரிப்பு என்று தனி வரி போடுங்கள். "இதர செலவு" என்ற மூட்டைக்குள் கட்டினால் முதல் வெட்டு அதற்குத்தான் விழும். அந்த வரியின் பக்கத்தில், ஒரு காயிலை மாற்ற எவ்வளவு ஆகும் என்ற தொகையையும் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் கையெழுத்துப் போடுபவர் புதியவராக இருந்தாலும், இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் புரியும்.

செலவே செய்யாமல் மிச்சம் பிடித்ததைக் கணக்கில் காட்டுவது சுலபம். வராமல் போன நஷ்டத்தைக் காட்ட நம்மிடம் ரிஜிஸ்டர் இல்லை. மீட்டர் எண், சோதனை ரிப்போர்ட், தகட்டின் எடை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அந்த ரிஜிஸ்டர் தயார். தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பேனா, மாதம் ஒருநாள் அரை மணி நேரம். நம்மில் யாருக்கும் முடியாத வேலை இல்லை. நாற்பது வருடம் அதைத்தானே செய்தோம்.